உளுந்துச் செடியும் 21 எழுத்தும்: குட்டி ஆர்.என்.ஏ-வை யார் கையில் விடப்போகிறோம்?

புதுக்கோட்டை, கடலூர், திருவாரூர் என எந்தப் பக்கம் உளுந்து போட்டவரிடம் கேட்டாலும் 'மஞ்சள் தேமல்' என்ற பெயர் தெரிந்திருக்கும். முதலில் இளம் இலையில் அங்கங்கே மஞ்சள் புள்ளி. சில நாட்களில் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து இலை முழுக்க மஞ்சளாகிவிடும். காய் சிறுக்கும், உள்ளே மணி பிடிக்காது. செடி சின்னதாக இருக்கும்போதே நோய் வந்துவிட்டால் அறுவடையை மறந்துவிட வேண்டியதுதான்.

நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போவது வெள்ளை ஈ. வைரஸைக் கொல்ல வயலில் அடிக்க மருந்து எதுவும் இல்லை. அதனால் ஈயைக் கொல்ல மருந்து அடிக்கிறார்கள். ஈ பக்கத்து வயலுக்குப் பறந்துவிடும், மருந்துச் செலவு மட்டும் நின்றுவிடும். நம்ம வீட்டு இட்லி மாவுக்குத் தேவையான உளுந்தில் ஒரு பகுதி மியான்மரிலிருந்து கப்பலில் வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இந்த நோய் தாக்கிய உளுந்துச் செடி ஆய்வகத்தில் மீண்டு எழுந்தது பற்றிய ஓர் ஆய்வு 2003-லேயே 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வெளியாகிவிட்டது. அதில் பாதிப் பங்கு மதுரையுடையது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கே.வேலுதம்பி, பி.வி.சிவபிரசாத், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள ஃபிரெட்ரிக் மீஷர் நிறுவனத்தின் மிகாயில் பூகின், தாமஸ் ஹோன் ஆகிய 4 பேர் எழுதியது. அவர்கள் பூச்சிமருந்து எதையும் பயன்படுத்தவில்லை. வைரஸின் மரபுப் பொருளில் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குப் பொருந்துகிற இரட்டை இழை ஆர்.என்.ஏ செடிக்குள் உருவாகும்படி செய்தார்கள். மீதி வேலையைச் செடியே பார்த்துக்கொண்டது.

20 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. உளுந்து விவசாயி இன்னமும் மஞ்சள் செடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இந்த இடைவெளி ஏன் என்ற கேள்விக்குப் போவதற்கு முன்னால், செடி பார்த்துக்கொண்ட அந்த 'மீதி வேலை' என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கலர் கூட வேண்டிய பூ வெள்ளையாகிப் போனது

கதை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு பெட்டூனியா செடியில் தொடங்குகிறது. நம்ம ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களில் தொட்டி தொட்டியாக வைத்திருப்பார்களே, அதே பூதான். ரிச்சர்ட் ஜோர்கன்சனும் கரோலின் நபோலியும் அதன் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்கப் பார்த்தார்கள். நிறத்தைத் தயாரிக்க உதவும் சால்கோன் சிந்தேஸ் என்ற மரபணுவை இன்னொரு பிரதி எடுத்துச் செடிக்குள் வைத்தார்கள். கணக்கு சிம்பிள்: மரபணு ரெண்டு மடங்கு, கலரும் ரெண்டு மடங்கு.

பூத்தது வெள்ளை. கூடுதல் மரபணு வைத்த செடிகளில் 42 சதவீதம் முழு வெள்ளையாகவோ, ஊதாவும் வெள்ளையும் கலந்தோ பூத்தன. புதிதாக வைத்த மரபணு வேலை செய்யாதது மட்டுமல்ல, செடியின் சொந்த மரபணுவும் சேர்ந்து அடங்கிவிட்டது. 1990-ல் இது வெளியானது. நெதர்லாந்தில் ஒரு குழுவும் அதே நேரத்தில் இதையே பார்த்திருந்தது. ஏன் இப்படி நடக்கிறது என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 'கூட்டு அடக்கம்' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்துவிட்டு, காரணம் தேடினார்கள்.

காரணம் கிடைக்க 9 ஆண்டு பிடித்தது. இங்கிலாந்தின் நார்விச் நகரில் இருந்த சைன்ஸ்பரி ஆய்வகத்தில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும், மரபணு அடங்கிப்போன செடிகளில் மட்டும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார்கள். அது சுமார் 25 எழுத்து நீளமுள்ள மிகச் சின்ன ஆர்.என்.ஏ துண்டு. அடங்காத செடிகளில் அது இல்லை. வைரஸை எதிர்த்து நின்ற செடிகளிலும் அதே சைஸ் துண்டுகள் இருந்தன. அதற்கு முன் செடிகளில் இவ்வளவு சின்ன துண்டு யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனையில் அது ஜெல்லின் அடிவழியாக ஓடிப்போய்விடும், குப்பை என்று விட்டுவிடுவார்கள்.

கல்யாண வீட்டுச் சமையலறை

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு பெரிய கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா அயிட்டத்துக்கும் செய்முறை எழுதிய தடிமனான நோட்டு ஒன்று பூட்டிய அறைக்குள் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. நோட்டு வெளியே வராது. எது தேவையோ அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் நகல் எடுத்து அடுப்படிக்கு அனுப்புவார்கள். அந்தச் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்துச் சமைத்து வருவது புரதம். ஒரே சீட்டை வைத்துக்கொண்டு எத்தனை அண்டா வேண்டுமானாலும் பாயசம் காய்ச்சலாம்.

'பாயசம் போதும்' என்று எப்படி நிறுத்துவது? நோட்டில் அந்தப் பக்கத்தை ஒட்டி மூடிவிடலாம். இல்லையென்றால், அடுப்படிக்குப் போன சீட்டைக் கிழித்துவிடலாம். செடிகளில் குட்டி ஆர்.என்.ஏ இரண்டு வேலையையும் செய்கிறது.

சீட்டைக் கிழிப்பதுதான் முதல் வழி. செல்லுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ ஒன்று உருவானால், டைசர் என்ற நொதி அதை 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்குகிறது. நறுக்கிய துண்டில் ஓர் இழையை ஆர்கோனாட் என்ற புரதம் கையில் எடுத்துக்கொள்கிறது. போலீஸ்காரர் கையில் தேடப்படுபவரின் போட்டோ மாதிரி. எந்தச் சீட்டில் அந்த 21 எழுத்துக்கும் பொருந்தும் வரிசை இருக்கிறதோ, அதை அந்த இடத்திலேயே வெட்டிவிடும். பொருந்தாத சீட்டைத் தொடாது. விலங்குகளில் 7, 8 எழுத்து பொருந்தினாலே ஓரளவு வேலை நடக்கும், செடிகளில் ஏறக்குறைய முழுப் பொருத்தம் வேண்டும். கண்டிப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

இரண்டாவது வழிக்கு 24 எழுத்துத் துண்டுகள். இவை நோட்டு இருக்கும் அறைக்கே போய், பொருந்தும் பக்கத்தின் மேல் மெத்தில் என்ற வேதிக்குறியை ஒட்டவைக்கின்றன. குறி ஒட்டிய பக்கத்தை நகல் எடுப்பது நின்றுவிடும். தாவர மரபணுத் தொகுதிக்குள் இடம் விட்டு இடம் தாவும் 'குதிக்கும் மரபணு'க்கள் ஏராளம். மக்காச்சோளத்தில் அவற்றைக் கண்டுபிடித்துத்தான் பார்பரா மெக்ளின்டாக் 1983-ல் நோபல் வாங்கினார். அவற்றை ஓரிடத்தில் உட்காரவைப்பது இந்த 24 எழுத்துக்காரர்களின் அன்றாட டியூட்டி. மதுரை ஆய்வு முக்கியமானதற்கும் இதுவே காரணம். உளுந்தைத் தாக்கும் வைரஸின் மரபுப் பொருள் டி.என்.ஏ. மற்ற பல தாவர வைரஸ்களுக்கு அது ஆர்.என்.ஏ. டி.என்.ஏ வைரஸையும் இந்த வழியில் அடக்க முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது.

வைரஸ் நோய் வந்த செடியின் கீழ் இலைகள் வாடிக் கிடக்க, மேலே புதிதாக விடும் இலைகள் பளிச்சென்று வருவதை அமெரிக்காவில் எஸ்.ஏ.விங்கார்ட் 1928-லேயே புகையிலையில் பதிவு செய்திருந்தார். செடிக்கு நம்மைப்போல் எதிரணு கிடையாது, ரத்தம் கிடையாது. அப்புறம் எப்படித் தேறியது என்று 70 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. கீழ் இலையில் உருவான அடக்கும் சிக்னல், உணவு ஓடும் குழாய் வழியாக மேலே போய், வைரஸ் வருவதற்கு முன்பே புது இலைகளை உஷார்படுத்தி வைத்திருக்கிறது.

சாப்பாட்டுத் தட்டில் ஏற்கெனவே இருக்கிறது

'ஆர்.என்.ஏ' என்றாலே கொரோனா தடுப்பூசியும், அதையொட்டிய வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதனால் இந்தச் சங்கதியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: குட்டி ஆர்.என்.ஏ மனிதன் கண்டுபிடித்த பொருள் அல்ல. ஒவ்வொரு கீரையிலும் காயிலும் தானியத்திலும் இருக்கிறது. விவசாயம் தொடங்கிய காலத்திலிருந்தே மனிதர்கள், தெரியாமலேயே, அதை வைத்துத்தான் பயிரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

காட்டு சோயாவின் விதை கறுப்பு. மீல் மேக்கர் செய்கிற சோயா மஞ்சள். பெட்டூனியாவில் நடந்ததே சோயாவின் விதைத்தோலிலும் இயற்கையாக நடந்திருக்கிறது. அதே சால்கோன் சிந்தேஸ் மரபணுவைக் குட்டி ஆர்.என்.ஏ அடக்கிவிட்டதால் கறுப்பு நிறம் உருவாகவில்லை. எப்போதோ யாரோ ஒரு விவசாயி அந்த வெளிர் விதையைப் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்து வைத்திருக்கிறார்.

கோதுமையில் இன்னும் சுவாரசியம். பழைய எம்மர் வகைகளில், அதாவது நம்ம சம்பா கோதுமையில், உமி மணியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இன்று ரொட்டிக்கு அரைக்கும் கோதுமையைக் கதிரடித்தாலே மணி உதிர்ந்துவிடும். இதற்கு முக்கியக் காரணம் கியூ என்ற மரபணு. எம்.ஐ.ஆர்-172 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ வந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறிவிட்டது. பொருத்தம் கெட்டதால் சீட்டு கிழிபடவில்லை, கியூ புரதம் கூடுதலாக உருவாகிறது, உமி தளர்கிறது. ஓர் எழுத்துதான் மாற்றம். வட இந்தியாவின் தினசரிச் சாப்பாடு அதன் மேல் நிற்கிறது.

நெல்லும் விதிவிலக்கல்ல. எம்.ஐ.ஆர்-156 என்பது செடியின் 'வயசுக் கணக்கு' மாதிரி. இளஞ்செடியில் அதிகம், வளர வளரக் குறையும். அது அடக்கி வைத்திருக்கும் ஒரு நெல் மரபணுவில், ஒட்டும் இடத்தில் எழுத்து மாறினால் வெத்துத் தூர் குறைந்து, தண்டு தடித்து, கதிரில் மணி கூடுகிறது என்று 2010-ல் சீனக் குழு ஒன்றும் ஜப்பானியக் குழு ஒன்றும் ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. நெல் ஆராய்ச்சியில் அது இன்றுவரை பேசப்படும் மரபணு.

மண்ணில் பாஸ்பேட் குறைந்தால் இலையிலிருந்து வேருக்குப் போய் 'இன்னும் உறிஞ்சு' என்று சொல்வதும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ-தான், எம்.ஐ.ஆர்-399. டி.ஏ.பி உர மூட்டைக்கு வரிசையில் நிற்கும் நாட்டில் இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசலாம்.

சரி, சோற்றில் உள்ள இந்த ஆர்.என்.ஏ நம் ரத்தத்தில் கலந்து நம் மரபணுவை மாற்றிவிடுமா? சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நெல்லின் எம்.ஐ.ஆர்-168ஏ மனித ரத்தத்தில் இருப்பதாகவும், எலியின் கல்லீரலில் அது ஒரு மரபணுவை அடக்குவதாகவும் சொல்லிப் பெரும் பரபரப்பைக் கிளப்பியது உண்மை. அடுத்து வந்த குழுக்கள் திரும்பச் செய்துபார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. வயிற்றின் அமிலமும் குடல் நொதிகளும் ஆர்.என்.ஏ-வைச் சுலபமாகச் சிதைத்துவிடும். முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது செய்தி பரவவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

செடிக்காரர்களுக்கு மேடையில் இடமில்லை

பெட்டூனியா வெள்ளையானது 1990-ல். புழுவில் இரட்டை இழை ஆர்.என்.ஏ மரபணுவை அடக்குகிறது என்று ஆண்ட்ரூ ஃபையரும் கிரெய்க் மெல்லோவும் காட்டியது 1998-ல். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பீட்டர் வாட்டர்ஹவுஸ் குழு செடியில் அதையே காட்டியது. அந்தக் குட்டித் துண்டை ஹாமில்டனும் பால்கோமும் பிடித்தது 1999-ல். வெட்டும் புரதத்துக்கு ஆர்கோனாட் என்று பெயர் வந்ததே செடியால்தான். அந்த மரபணு பழுதான அராபிடாப்சிஸ் என்ற சின்ன களைச்செடியின் இலைகள் ஒடுங்கி, குட்டி ஆக்டோபஸ் மாதிரி இருந்தன. ஆர்கோனாட் என்பது ஓர் ஆக்டோபஸ் இனம். இன்று புற்றுநோய் ஆய்வாளர் வரை எல்லாரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

2006-ல் நோபல் ஃபையருக்கும் மெல்லோவுக்கும் போனது. செடி ஆய்வுகளை மறந்துவிட்டார்கள் என்று 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். 2008-ல் லாஸ்கர் விருது விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன், டேவிட் பால்கோம் மூவருக்கும் கிடைத்தது. 2024-ல் மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்கு நோபல் அறிவித்தபோது ஆம்ப்ரோஸ், ருவ்கன் இருவர் பெயர் மட்டும் இருந்தது. ஆம்ப்ரோஸும் ருவ்கனும் புழுவில் செய்த வேலை தனியானது, மகத்தானது, அதில் சந்தேகமில்லை. மருத்துவ நோபலில் செடிக்கு ஏது இடம் என்றும் கேட்கலாம். ஆனால் இந்த மறதி விருதோடு நிற்பதில்லை. மனித நோய்க்கான ஆர்.என்.ஏ மருந்துகளுக்குக் கொட்டப்படும் பணத்தையும், உளுந்து, பப்பாளி, மரவள்ளிக்குக் கிடைக்கும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் விலை தெரியும்.

ஹவாயில் நடந்தது

குட்டி ஆர்.என்.ஏ ஒரு பயிரைக் காப்பாற்றிய கதைக்கு ஹவாய்தான் சிறந்த உதாரணம். 1992-ல் அங்கே பப்பாளி அதிகம் விளைந்த பூனா பகுதிக்குள் வளையப்புள்ளி வைரஸ் நுழைந்தது. சில ஆண்டுகளில் விளைச்சல் ஏறக்குறைய பாதியானது. ஹவாயிலேயே பிறந்து வளர்ந்த டென்னிஸ் கொன்சால்வஸ் என்ற தாவர நோய் நிபுணரின் குழு, வைரஸின் மேலுறைப் புரத மரபணுவைப் பப்பாளிக்குள் வைத்து 'ரெயின்போ', 'சன்அப்' ரகங்களை உருவாக்கியது. 1998-ல் விதை விவசாயிகளுக்கு வந்தது. இலவசமாக.

அந்தப் புரதம்தான் செடியைக் காக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். காத்தது புரதம் அல்ல, அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ-வைச் செடி 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொண்டதுதான் என்று பிறகு புரிந்தது. பெட்டூனியாவில் கலரைக் கெடுத்த அதே வேலை, பப்பாளியில் உயிர் காத்தது.

இதிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. ஜப்பான் 2011 வரை அந்தப் பழத்தை அனுமதிக்கவில்லை. ஆர்கானிக் பப்பாளி வளர்த்தவர்கள் மகரந்தம் கலந்துவிடும் என்று எதிர்த்தார்கள், அது நியாயமான கவலைதான். ஆனால் பல்கலைக்கழகங்களும் அரசும் சேர்ந்து, தனியார் காப்புரிமைகளுக்கு அனுமதி வாங்கி, சின்ன விவசாயி கையில் விதையைக் கொடுத்தது நடந்தது. பிரேசிலில் எம்ப்ராபா என்ற அரசு நிறுவனம், தங்கத் தேமல் வைரஸைத் தாங்கும் பீன்ஸை இதே ஆர்.என்.ஏ வழியில் உருவாக்கி 2011-ல் அனுமதி வாங்கியது. அங்கும் வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ. உளுந்து வைரஸும் அந்த வைரஸும் ஒரே குடும்பம். பிரேசிலின் பீன்ஸ் என்பது அந்த ஊர் ஏழையின் பருப்பு. இந்தியாவுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் தேவையா?

இப்போது ஸ்பிரே வந்துவிட்டது

மரபணு மாற்றிய பயிர் என்றால் இந்தியாவில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 2002-ல் பி.டி பருத்தி வந்தது. 2010-ல் பி.டி கத்தரிக்குத் தடை. 2022-ல் மரபணு மாற்றுக் கடுகுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி, 2024-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு. ஆதரவும் எதிர்ப்பும் பல ஆண்டுகளாக அதே வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு நடுவே உலகம் வேறு பாதையில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. செடியின் டி.என்.ஏ-வைத் தொடாமல், இரட்டை இழை ஆர்.என்.ஏ-வை வெளியே தயாரித்து, இலை மேல் தெளிப்பது. 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, கிரீன்லைட் பயோசயின்சஸ் நிறுவனத்தின் லெட்ப்ரோனா என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. உருளைக்கிழங்கு இலையைத் தின்னும் கொலராடோ வண்டு இதைத் தின்றால், அதன் உடலில் அவசியமான ஒரு புரதத்தின் சீட்டு கிழிபட்டு, வண்டு சாகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நீனா மிட்டர் குழு, ஆர்.என்.ஏ-வை மெல்லிய களிமண் தகடுகளில் ஏற்றித் தெளித்தால் 20 நாட்கள் வரை வைரஸிடமிருந்து பாதுகாப்பு கிடைப்பதை 2017-ல் காட்டியது. சும்மா தெளித்தால் வெயிலிலும் மண்ணிலும் சில நாட்களிலேயே சிதைந்துவிடும் பொருள் அது.

இந்தச் சிதைவு ஒரே நேரத்தில் வரமும் தொந்தரவும். எண்டோசல்ஃபான் மாதிரி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்காது. ஆனால் அடிக்கடி தெளிக்க வேண்டியிருக்கும், அப்படியானால் செலவு.

மாயமருந்து என்று விற்கத் தொடங்குவதற்கு முன்னால் சில விஷயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வண்டுகளிடம் நன்றாக வேலை செய்யும் இரட்டை இழை ஆர்.என்.ஏ, அந்துப்பூச்சி இனப் புழுக்களிடம் பெரும்பாலும் சொதப்புகிறது. அவற்றின் குடலே அதைச் சிதைத்துவிடுகிறது. 2018 முதல் நம் மக்காச்சோளத்தை நாசம் செய்யும் படைப்புழு அந்த இனம்தான். கொலராடோ வண்டும் சளைத்ததல்ல. ஆய்வகத்தில் சில தலைமுறைகள் இந்த ஆர்.என்.ஏ-வைக் கொடுத்து வளர்த்ததில், பல ஆயிரம் மடங்கு தாக்குப்பிடிக்கும் வண்டுகள் உருவாகிவிட்டன. வைரஸ்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, ஆர்கோனாட்டையும் குட்டித் துண்டுகளையும் முடக்கும் புரதங்களை வைத்திருக்கின்றன. சாம்பல் பூசணம் ஒரு படி மேலே போய், தன் குட்டி ஆர்.என்.ஏ-வைச் செடிக்குள் அனுப்பி, செடியின் சொந்த ஆர்கோனாட்டையே கடன் வாங்கி, செடியின் பாதுகாப்பு மரபணுக்களை அடக்குகிறது. வேலியில் படரும் அம்மையார் கூந்தல் இனத்து ஒட்டுண்ணிக்கும் இந்த வித்தை தெரியும் என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் சண்டையில் மனிதர்கள் இப்போதுதான் நுழைகிறார்கள்.

எந்த மேசைக்குப் போகும் ஃபைல்?

இங்கேதான் இந்தியாவின் பிரச்சினை. பூச்சிமருந்துகளுக்கான சட்டம் 1968-ல் வந்தது. மரபணு மாற்று உயிர்களுக்கான விதிகள் 1989-ல் வந்தவை. இரண்டும் எழுதப்பட்டபோது பெட்டூனியா வெள்ளையாகப் பூத்த செய்திகூட வெளியாகியிருக்கவில்லை. தெளிக்கும் ஆர்.என்.ஏ வேதிமருந்தா, உயிரி மருந்தா, மரபணு மாற்றமா? செடியின் டி.என்.ஏ மாறுவதில்லை என்பதால் மூன்றாவது இல்லை என்று சொல்லலாம். வழக்கமான நச்சுச் சோதனையில் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மட்டும் வைத்து முதலாவது போல நடத்துவதும் தவறு. இதன் ஆபத்து வேறு வகை: 21 எழுத்து தற்செயலாக வேறொரு பூச்சியின் மரபணுவோடு பொருந்திவிடுவது.

அமெரிக்காவில் ஐரோப்பியத் தேனீயிடமும் அங்குள்ள பொறிவண்டிடமும் சோதித்துவிட்டு வந்த ஃபைலை அப்படியே இங்கே ஏற்றுக்கொள்ள முடியாது. நம் வயலில் பறப்பது அடுக்குத் தேனீ, மலைத் தேனீ, கொசுத் தேனீ. அவற்றின் மரபணு வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்த முடிவை நிறுவனம் வெளியிட வேண்டும், 'வணிக ரகசியம்' என்று பூட்டிவைக்கக் கூடாது. ஆர்.என்.ஏ மருந்தில் இது சாத்தியம் என்பதுதான் விசேஷம். வேதிமருந்து எதை எதைத் தாக்கும் என்று முன்கூட்டிக் கணிப்பது கஷ்டம். இங்கே மருந்தே ஒரு வாக்கியம், எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்க்கலாம். டப்பாவின் மேல் அந்த வரிசையை அச்சிடச் சொன்னால்கூடத் தப்பில்லை.

பூச்சிக்கொல்லிச் சட்டத்தை மாற்றும் மசோதா 2020-லேயே மாநிலங்களவையில் அறிமுகமானது. சட்டத்தைத் திருத்தும் பேச்சு நடக்கும்போதே இதற்கென்று தனி அத்தியாயம் எழுதுவது, பிறகு நீதிமன்றத்தில் 15 ஆண்டு வாதாடுவதைவிடச் சுலபம். விதி தெளிவாக இல்லாத இடத்தில் முதலில் நுழைவது பெரிய நிறுவனங்கள்தான், அவர்களிடம்தான் வக்கீல்கள் இருக்கிறார்கள். பெரிய நிறுவனம் கொலராடோ வண்டுக்கு மருந்து செய்யும், அதற்குச் சந்தை இருக்கிறது. புதுக்கோட்டையில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி உளுந்துக்கு யார் செய்வார்கள்? அதைப் பொதுப் பணத்தில்தான் செய்ய வேண்டும்.

ஆள் இல்லை என்று சொல்லவும் முடியாது. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2011-லேயே வெள்ளை ஈக்கு இரட்டை இழை ஆர்.என்.ஏ-வை ஊட்டிக் கொன்று காட்டியிருக்கிறார்கள். மதுரை ஆய்வில் இருந்த சிவபிரசாத் இன்று பெங்களூருவின் என்.சி.பி.எஸ் நிறுவனத்தில் நெல்லின் குட்டி ஆர்.என்.ஏ-க்களைத் துருவிக்கொண்டிருக்கிறார். ஆய்வுக் கட்டுரைக்கும் வயலுக்கும் நடுவே இருக்கும் சலிப்பான வேலைகள்தான் பாக்கி: விலை குறைவாகக் கிலோ கணக்கில் தயாரிப்பது, 40 டிகிரி வெயிலில் இலை மேல் எத்தனை நாள் தாங்குகிறது என்று அளப்பது, 3 பட்டத்தில் தொடர்ந்து சோதிப்பது, தோற்றால் தோற்றது என்று எழுதுவது. இதற்கெல்லாம் பெரிய இதழ்களில் இடம் கிடைக்காது. அதனாலேயே அரசு இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

அதுவரை உளுந்து போடுகிறவர்கள் கையில் இருப்பது வழக்கமான வழிகள். வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 8 போன்ற மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகங்கள், வயலில் மஞ்சள் நிற ஒட்டுப்பொறி, வரப்போரம் மக்காச்சோளம், நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கிவிடுவது. ரகங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் வைரஸும் மாறிக்கொண்டே இருப்பதால், வம்பனில் அடுத்த ரகத்துக்கான வேலை நிற்பதே இல்லை.